தம்பி தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான்: 'பி.பி.எஸ்.' முறையை வீட்டில் யாராவது செய்து பார்த்தீர்களா?

உறையூர் அக்கா | ஜூன் 3, இரவு 10.48

நான்கு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. தப்பான பிரிவில் போட்டிருந்தால் நிர்வாகி மாற்றிவிடுங்கள்.

என் தம்பிக்கு 24 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. பேச்சு இல்லை. 'ம்மா' என்பான், 'த்தா' என்பான், அவ்வளவுதான். பதினெட்டு வயது வரை ஸ்பெஷல் ஸ்கூல் போனான். அப்புறம் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீடுதான்.

முன்பும் கோபம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த நான்கு மாதமாகத் தினமும். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். வலது கையால் கன்னத்தில் அறைந்துகொள்வான். சுவரில் தலையை மோதுவான். தடுக்கப் போனால் கடி. போன மாதம் அம்மாவுக்கு மணிக்கட்டில் நான்கு தையல். அப்பா முழங்கால் ஆபரேஷன் ஆகி இன்னும் சரியாக நடக்கவில்லை. நான் பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு வந்து சேர எட்டரை ஆகும்.

மாத்திரையை இரண்டு தடவை கூட்டியாயிற்று. பகலெல்லாம் தூங்கி வழிகிறான், எட்டு கிலோ ஏறிவிட்டான், சாயங்காலம் மட்டும் அதே அடி. ஹோமில் விட்டுவிடு என்று சித்தப்பா ஒரு இடத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வராந்தாவில் ஒரு பையனை நாற்காலியோடு சேர்த்துப் பழைய வேட்டியால் கட்டியிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு வீட்டில் நான் யாரிடமும் பேசவில்லை.

'பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட்', சுருக்கமாக பி.பி.எஸ்., என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். நம்மைப் போன்ற வீடுகளில் இது நடக்கிற காரியமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை மாமா | ஜூன் 4, காலை 6.15

உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதே அம்மா. என் மகனுக்கு 31. இந்தப் பெயரில் இரண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தவன் நான். ஏசி அறையில் படம் போட்டுக் காட்டுவார்கள், மத்தியானம் சாப்பாடு நன்றாக இருக்கும். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் வேலைக்கு இருக்கிற நாட்டில் எழுதினது அது. இங்கே மூன்று பிள்ளைக்கு அரை ஆள். இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதே.

மதுரை டீச்சர் | ஜூன் 4, காலை 9.02

மாமா கடைசியில் சொன்னது சரி. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்க வேண்டாம். மீதியைக் கொஞ்சம் பேசலாம்.

22 வருடமாக சிறப்பாசிரியராக இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் "கையைக் கீழே போடு" என்று கத்தியவள்தான். பி.பி.எஸ். என்றால் பெரிய மந்திரம் எதுவுமில்லை. அவன் அடித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் காரணத்தைத் தேட வேண்டும். அடியால் அவனுக்கு என்ன கிடைக்கிறதோ, அதை அடிக்காமலே கிடைக்கும்படி வீட்டை மாற்ற வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வலி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பேச்சில்லாத பிள்ளைகள் விஷயத்தில் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். வலது கையால் கன்னத்தில் அறைகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கன்னம்? எப்போதும் அதேதானா? முதலில் பல் டாக்டரிடம் போங்கள்.

அதோடு இன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தடவை நடக்கும்போதும் மூன்று விஷயம் எழுத வேண்டும். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள். நேரமும் போடுங்கள். "கோபப்பட்டான்" என்று எழுதக் கூடாது. "ஆறு தடவை கன்னத்தில் அறைந்தான், இரண்டு தடவை சுவர்" என்று எழுத வேண்டும். மூன்று வாரம் விடாமல்.

ஹாரோ வாசி | ஜூன் 4, இரவு 11.30

வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணம், இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் இருக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பெரியவர்கள் சேர்ந்து வாழுகிற வீட்டில் எனக்கு வேலை. இரவு ஷிஃப்டில் இருந்து எழுதுகிறேன்.

மாமா நினைப்பதுபோல் இது வெள்ளைக்காரர் வசதியாக இருந்துகொண்டு கண்டுபிடித்ததில்லை. அவர்கள் செய்த அநியாயத்தில் இருந்துதான் வந்தது. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று ஒரு அரசு விடுதி இருந்தது. 1972இல் ஒரு தொலைக்காட்சிக்காரர் கேமராவோடு உள்ளே போய்க் காட்டிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பிள்ளைகள் உடுப்பில்லாமல், தங்கள் அழுக்கிலேயே கிடந்தார்கள். அந்த இடத்தை மூட 1987 ஆனது. அப்படிப்பட்ட இடங்களில் இருந்தவர்களை ஊருக்குள் கொண்டுவந்து வாழ வைக்கப் பார்த்தபோதுதான், தண்டித்து அடக்குகிற பழைய வழி வெளியில் செல்லாது என்று தெரிந்தது. கடைத்தெருவில் வைத்து ஒரு மனிதனை யார் கட்டிப்போட முடியும்?

இங்கே எல்லாம் ஒழுங்கு என்றும் நினைக்க வேண்டாம். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் விண்டர்போர்ன் வியூ என்ற மருத்துவமனையில், பராமரிக்க வேண்டியவர்களே நோயாளிகளை அடித்து மிதித்ததை 2011இல் பிபிசி ரகசிய கேமராவில் எடுத்துக் காட்டியது. பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. பார்த்த நாங்கள் வெட்கப்பட்டோம், நாங்களும் அதே பராமரிப்பு வேலை செய்கிறவர்கள்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2016இல் 'ஸ்டாம்ப்' என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். நடத்தையை அடக்குவதற்கென்றே கொடுக்கிற மாத்திரைகளைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் டாக்டர் கையால், மெல்ல மெல்ல. எடை ஏறுவதும் தூக்கமும் இந்த மாத்திரைகளில் சாதாரணம். அதையும் நோட்டில் எழுதுங்கோ.

மெதுநடை | ஜூன் 5, மதியம் 1.20

நான் ஆட்டிசம் உள்ளவன். வயது 29, கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எனக்குப் பேச்சு உண்டு. அதனால் உங்கள் தம்பியின் நிலை எனக்கு அப்படியே தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த மாதிரி இழைகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு பிசையும். எது 'பிரச்சினை நடத்தை' என்று முடிவு செய்வது யார்? சின்ன வயதில் நான் விரலை ஆட்டுவேன். ஆட்டாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய் தருவார்கள். அதற்கும் 'பாசிட்டிவ்' என்றுதான் பெயர். ஒரு வருடத்தில் விரல் நின்றது. அதற்குப் பதில் கன்னத்தை உள்பக்கமாகக் கடிக்க ஆரம்பித்தேன். அது யார் கண்ணிலும் படவில்லை, அதனால் நான் 'முன்னேறிவிட்டேன்'.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு நிலையம் இன்றைக்கும் உடம்பில் கருவி மாட்டி மின் அதிர்ச்சி கொடுத்து நடத்தையைத் திருத்துகிறது. 2020இல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைத் தடை செய்தது. அடுத்த வருடமே நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதையும் பி.பி.எஸ்.ஸையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் வேர் ஒன்று: பரிசாலும் தண்டனையாலும் நடத்தையை மாற்றலாம் என்பது. அக்கா, தம்பி கை ஆட்டுவது, சுற்றுவது, முனகுவது இதிலெல்லாம் கை வைக்காதீர்கள். தலையை மோதுவது வேறு, அதற்கு உதவி வேண்டும்.

மதுரை டீச்சர் | ஜூன் 5, மாலை 4.45

மெதுநடை தம்பி, அந்த மிட்டாய் கொடுத்த கைகளில் ஒன்று என்னுடையதாகக்கூட இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் படித்தோம். நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

வேர் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். கிளை எங்கே பிரிந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1982இல் இவாட்டா என்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் தங்களையே காயப்படுத்திக்கொள்கிற ஒன்பது பேரைப் பார்த்தார்கள். எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் ஒருவர் கவனத்துக்காக, ஒருவர் கொடுத்த வேலையிலிருந்து தப்பிக்க, ஒருவர் தனியாக இருக்கும்போது. வெளியே ஒன்றாகத் தெரிகிற அடி, உள்ளே வேறு வேறு. 1985இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் இருவரும் நான்கு பிள்ளைகளுக்கு அந்தக் காரணத்தையே வாயால் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். பாடம் கடினமாக இருப்பதால் அடிக்கிற பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்ற வாக்கியம். கவனம் வேண்டி அடிக்கிற பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்ற வாக்கியம். வாக்கியம் வந்தது, அடி குறைந்தது. பின்னாளில் பி.பி.எஸ்.ஸுக்கு உருவம் கொடுத்தவர்களில் அந்த எட்வர்ட் காரும் ஒருவர்.

உறையூர் அக்கா | ஜூன் 21, இரவு 9.55

இரண்டு பல் டாக்டர்கள் பார்க்க மாட்டேன் என்றார்கள், மூன்றாவது ஆள் பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தை, அடியில் சீழ். மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது.

கன்னத்தில் அறைவது நான்கே நாளில் பாதியாகிவிட்டது. அம்மா அன்றைக்குப் பூரா சமையலறையில் அழுதுகொண்டிருந்தார்கள். எத்தனை மாதமாக வலித்ததோ, நாங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் சுவரில் மோதுவதும் கடிப்பதும் அப்படியே இருக்கிறது. நோட்டு எழுதுகிறேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தை அம்மா வாய்ஸ் மெசேஜில் சொல்வார்கள், ராத்திரி நான் எழுதி வைப்பேன். இதுவரை 26 பதிவு. குக்கர் சத்தமா என்று பார்த்தோம், இல்லை. சீரியல் பாட்டா என்று டிவியை நிறுத்தினோம், அதுவும் இல்லை. மெதுநடை தனிச்செய்தியில் சொன்னபடி காது மூடுகிற ஹெட்ஃபோன் வாங்கினேன். ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டான். எதிர்வீட்டுப் பாட்டி எடுத்துக் கொடுத்தார்.

மெதுநடை | ஜூன் 21, இரவு 10.30

ஹெட்ஃபோனுக்கு மன்னிக்கவும். அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

மதுரை டீச்சர் | ஜூன் 22, காலை 8.10

அடித்த நாட்களை எழுதியிருக்கிறீர்கள். அடிக்காத நாட்கள் எவை? அன்றைக்கு என்ன நடந்தது?

உறையூர் அக்கா | ஜூன் 23, அதிகாலை 1.05

டீச்சர், தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட பிறகு நோட்டில் தேதிகளைப் பார்த்தேன். சாயங்காலம் எதுவுமே நடக்காத நாட்கள் ஐந்து. மூன்று நாள் பல் டாக்டரிடம் போய் வந்தது. ஒரு நாள் அத்தை வீட்டுக் காதுகுத்து. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை, நான் பால் வாங்கப் போனபோது கூடவே வந்தான். ஐந்து நாளும் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போயிருக்கிறான்.

அப்புறம் அப்பாவிடம் கேட்டேன். ஜனவரி வரை அப்பா தினமும் ஐந்தரை மணிக்கு அவனை டிவிஎஸ் 50இல் முன்னால் நிற்க வைத்து, ஆமாம், இந்த வயதிலும் முன்னால்தான், நாச்சியார் கோயில் பக்கம் ஒரு சுற்று சுற்றி, டீக்கடையில் ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவாராம். பிப்ரவரியில் ஆபரேஷன். வண்டி அப்படியே மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. நான் எட்டரைக்கு வீடு வருகிறவள், எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பாவுக்கும் இது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

அவன் மோதுகிற சுவர் மாடிப்படி ஓரச் சுவர். வண்டி நிற்கிற இடம்.

ஹாரோ வாசி | ஜூன் 23, காலை 5.40

படித்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். வேறென்ன சொல்ல.

நெல்லை மாமா | ஜூன் 23, காலை 7.20

சரி, கண்டுபிடித்தாயிற்று. எனக்கு ஒரு சந்தேகம், இடக்காக நினைக்காதீர்கள். சுவரில் மோதினதும் வெளியே கூட்டிப் போனால், நாளைக்கு வேண்டுமென்கிற போதெல்லாம் மோத மாட்டானா? மோதினால் பஜ்ஜி என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகாதா?

மதுரை டீச்சர் | ஜூன் 23, மாலை 5.15

நல்ல கேள்வி மாமா. மோதின பிறகு கூட்டிப் போனால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். அதனால்தான் மோதுவதற்கு முன்னால் கூட்டிப் போக வேண்டும். ஐந்தரைக்கு ஆரம்பிக்கிறது என்றால் ஐந்தேகாலுக்குச் சட்டை போட்டிருக்க வேண்டும். இதுதான் முதல் பாதி, இதற்கு அவன் எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை. வெளியே போவது அவன் உரிமை, பரிசில்லை.

அடுத்த பாதி, கேட்பதற்கு வழி. 'வெளியே' என்பதற்கு ஒரு படம். டிவிஎஸ் போட்டோவே போதும். அதை எடுத்துக் கையில் கொடுத்தால் போகலாம். முதல் இரண்டு வாரம் கொடுத்த உடனே, ராத்திரி ஒன்பது மணியானாலும், தெருமுனை வரையாவது போய்வர வேண்டும். அட்டை வேலை செய்கிறது, சுவர் வேலை செய்யவில்லை என்று அவனுக்கே தெரிய வேண்டும். பிறகு மெல்ல 'இப்போது', 'அப்புறம்' என்பதைச் சேர்க்கலாம். இடையில் சில நாள் மோதல் கூடும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று ஒரு தடவை பலமாகத் தட்டிப் பார்ப்பான். அன்றைக்கு நாம் பயந்து மாறிவிட்டால் மாமா சொன்னதுதான் நடக்கும். அந்த நாட்களில் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து வையுங்கள்.

போனில் படத்தைத் தொட்டால் அந்த வார்த்தையைச் சொல்கிற 'ஆவாஸ்' என்ற செயலியும் இருக்கிறது, சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். ஆனால் போனைத் தூக்கி எறிகிற பிள்ளைக்கு முதலில் அட்டைதான்.

நெல்லை மாமா | ஜூன் 25, இரவு 8.50

இங்கே எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறீர்கள். அதனால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மனைவி போய் ஆறு வருடம். வீட்டில் நானும் மகனும்தான். அவன் வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடுவான், ஒரு தடவை பைபாஸ் வரை போய்விட்டான். அதனால் ரேஷன் கடைக்கோ பேங்குக்கோ போகும்போது அவன் கையில் துண்டைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போகிறேன். நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம். ஏர்வாடி எனக்கும் தெரியும். 2001 ஆகஸ்ட்டில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் போனார்கள். அன்றைக்கு என் மனைவி பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தத் துண்டைத் தொட விட்டிருக்க மாட்டாள்.

சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

நிர்வாகி | ஜூன் 25, இரவு 9.30

இந்தப் பதிவுக்குக் கீழே மாமாவைத் திட்டி வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். பேசத் தெரிந்தவர்கள் மட்டும் பேசுங்கள்.

மதுரை டீச்சர் | ஜூன் 25, இரவு 10.05

மாமா, எழுதியதற்கு நன்றி. தீ என்று வந்தால் அந்த முடிச்சை அவிழ்க்க ஆள் இல்லை. நீங்கள் சொல்ல வந்ததும் அதுதான் என்று புரிகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6ஆம் பிரிவு கொடூரமாக நடத்துவதிலிருந்து இவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் நாளைக்கு ரேஷனுக்கு யார் போவது?

ரேஷனுக்கு உங்களுக்குப் பதில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையிலேயே கேளுங்கள். கதவுக்கு உள்ளே மேல் ஓரத்தில் கொண்டி. கதவைத் திறந்தால் மணி அடிக்கிற சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. அப்புறம், உங்கள் மகன் ஓடுவது எங்கே? பைபாஸில் அவன் எதைப் பார்த்துக்கொண்டு நின்றான்?

நெல்லை மாமா | ஜூன் 26, காலை 6.05

லாரிகளை.

உறையூர் அக்கா | ஜூலை 15, இரவு 10.20

ஐந்தரைக்கு வெளியே கூட்டிப் போவது யார் என்பதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை எடுக்காமல், காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வந்தால், திங்கள், புதன், வெள்ளி ஐந்து மணிக்குப் போகலாம் என்றார். செவ்வாய், வியாழன் பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன், ஒரு நாளைக்கு நூறு ரூபாய். சனி, ஞாயிறு அம்மா.

எனக்கு டிவிஎஸ் ஓட்டத் தெரியாது. அதனால் பஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்த் திரும்பும். சாதாரண டவுன் பஸ்ஸில் எனக்கும் டிக்கெட் இல்லை, அவனுக்கும் இல்லை. பாலம் வந்ததும் எழுந்து நிற்பான். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான்.

முதல் வாரம் மோசம். ஸ்டாப்பில் காத்திருக்க முடியாமல் கையைக் கடித்துக்கொண்டான். ஒரு ஆள் போனில் வீடியோ எடுத்தார். "உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் எடுப்பீர்களா" என்று கேட்டேன், வைத்துவிட்டார். அட்டையை மூன்று தடவை கிழித்தான். இப்போது லேமினேட் செய்து கழுத்துக் கயிற்றில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று காலை பதினோரு மணிக்கு அட்டையை எடுத்து அம்மா கையில் வைத்தானாம். பதினோரு மணிக்கு! அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய் வந்தார்கள்.

நோட்டுக் கணக்கு: ஜூன் முதல் வாரத்தில் மோதல் 19. போன வாரம் 8.

ஹாரோ வாசி | ஜூலை 16, அதிகாலை 3.10

நல்ல சேதி. ஆனால் ஒரு எச்சரிக்கை, நான் இங்கே பார்த்துப் பட்டது. 19 எட்டானது, எட்டு பூச்சியமாக வேண்டும் என்று அந்த எண்ணின் பின்னாலேயே ஓட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கு எழுதிய திட்டம் நாற்பது பக்கம். மோதல் பூச்சியம். அதிகாரிகளுக்குச் சந்தோஷம். அந்த மனிதர் நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தார், அதனால்தான் மோதல் இல்லை. நான் கதைக்கப் போனால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

அதனால் வேறு சிலதையும் எண்ணுங்கோ. வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தான்? வீட்டு ஆட்களைத் தவிர அவன் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு நாளில் எத்தனை விஷயத்தை அவனே தேர்ந்தெடுத்தான்? ஷாலாக் என்ற ஆராய்ச்சியாளர் வாழ்க்கைத் தரத்தை எட்டாகப் பிரித்திருக்கிறார்: மன நலம், உடல் நலம், உறவுகள், பொருள் வசதி, தன் வளர்ச்சி, தன் முடிவு, ஊரோடு சேர்ந்திருப்பது, உரிமை. இதில் 'மோதல் குறைவது' என்று தனியாக ஒன்று இல்லை, கவனித்தீர்களா?

மெதுநடை | ஜூலை 16, காலை 9.00

இந்த இழையில் முதல் தடவையாக எனக்கு வயிறு பிசையவில்லை. அக்கா, ஒரு கேள்வி. பஸ்ஸில் ஜன்னல் சீட்டா இந்தப் பக்கமா என்று அவனைக் கேட்கிறீர்களா?

உறையூர் அக்கா | ஜூலை 16, இரவு 9.40

கேட்டதில்லை. நானே ஜன்னல் பக்கம் உட்கார வைப்பேன். நாளைக்குக் கேட்கிறேன்.

(மறுநாள் சேர்த்தது: ஜன்னல் வேண்டாமாம். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். டிவிஎஸ்ஸில் முன்னால் நிற்கிற மாதிரி.)

உறையூர் அக்கா | ஆகஸ்ட் 4, இரவு 11.15

நேற்று எல்லாம் கெட்டது. ஆடிப்பெருக்கு என்பதையே மறந்துவிட்டேன். காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம், பஸ் மாம்பழச் சாலையிலேயே நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஆகியும் நகரவில்லை. கம்பியில் நெற்றியை மோத ஆரம்பித்தான், தடுத்த என் தோளைக் கடித்தான், எல்லோரும் கத்தினார்கள். இறங்கிப் பாலத்தில் நடந்தே சத்திரம் வந்தோம். வழியெல்லாம் அவனும் அழுதான், நானும் அழுதேன்.

இன்றைக்கு அட்டையைத் தொடவே இல்லை. எனக்கும் கூப்பிடத் தைரியமில்லை. ஹோம் விலாசம் இன்னும் சித்தப்பா போனில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

மதுரை டீச்சர் | ஆகஸ்ட் 5, காலை 7.30

தோளை டாக்டரிடம் காட்டினீர்களா? டிடி ஊசி போட்டீர்களா? முதலில் அது.

திட்டம் தோற்கவில்லை, கூட்டத்தில் பஸ் நின்றுவிட்டது. நமக்கே அந்த இருபது நிமிடம் எரிச்சலாக இருந்திருக்கும், நாம் இறங்கிவிடலாம் என்று வாயால் சொல்வோம். அவனிடம் 'வெளியே' என்பதற்கு அட்டை இருக்கிறது, 'இறங்கணும்' என்பதற்கு இல்லை. இன்னொரு அட்டை. இன்றைக்குப் பஸ் வேண்டாம், டீக்கடை வரை நடந்து போங்கள். பஜ்ஜி அவனுக்கு, டீ உங்களுக்கு.

நெல்லை மாமா | ஆகஸ்ட் 5, காலை 8.00

சித்தப்பா போனில் விலாசம் இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா. என் போனிலும் ஒன்று பத்து வருடமாக இருக்கிறது. அதற்காக நாம் போய்விட்டோமா என்ன.

உறையூர் அக்கா | செப்டம்பர் 12, இரவு 9.20

நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனேன். முழுதாக ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்தார். இதுவரை எங்களுக்கு மொத்தமே அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. மாத்திரையை ஒரு படி குறைத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

மோதல் இன்னும் இருக்கிறது. போன வாரம் 5. ஹாரோ அண்ணன் சொன்ன கணக்கும் எழுதுகிறேன்: போன வாரம் வெளியே 13 மணி நேரம், பேர் தெரிந்தவர்கள் 4 (டீக்கடைக்காரர், கல்லூரிப் பையன், பூக்கார அக்கா, ஒரு கண்டக்டர்).

அந்தக் கண்டக்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மாம்பழச் சாலை தாண்டினதும் 'இறங்கணும்' அட்டையை எடுத்தான். என்னிடம் தரவில்லை. இரண்டு சீட் தள்ளிப் போய்க் கண்டக்டர் கையில் வைத்தான். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, புது பாஸா?" என்றார். படித்துக் காட்டினேன். உடனே விசில் அடித்து அம்மா மண்டபத்தில் நிறுத்தினார். அங்கே என்ன வேலை என்றே எனக்குப் புரியவில்லை. படித்துறைக்கு மேலே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆற்றைப் பார்த்தான். அப்புறம் அவனே எழுந்தான். அந்தக் கண்டக்டர் இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினதுமே "அம்மா மண்டபமா தம்பி?" என்று கேட்கிறார். சில நாள் ஆமாம், சில நாள் இல்லை.

நெல்லை மாமா | செப்டம்பர் 13, காலை 6.10

அந்த அட்டை என்ன அளவு? லேமினேஷன் எவ்வளவு ஆகிறது?

உறையூர் அக்கா | செப்டம்பர் 13, காலை 8.25

விசிட்டிங் கார்டை விடக் கொஞ்சம் பெரிசு மாமா. இங்கே ஒன்றுக்குப் பத்து ரூபாய். முனைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குத்தும். இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். என்ன படம் போடப் போகிறீர்கள்?

நெல்லை மாமா | செப்டம்பர் 13, காலை 8.40

லாரி.